மூன்று பென்சில் ரான் அக்கா

ரான் அக்காவைப் பற்றி அந்த மலைத்தெருவில் முதலில் காதில் விழுகிற கதை இதுதான். நூடுல்ஸ் கடைக்காரர் அதைத் தன் மைத்துனி சொன்னதாகச் சொல்வார். மைத்துனிக்குச் சொன்னது ஆஸ்பத்திரியில் போர்வை துவைக்கிற ஒருத்தியாம். அக்காவின் கணவர் சியாங் பக்கவாதம் வந்து, பேச்சு நின்று படுத்திருந்தபோது, நடுங்குகிற கையால் ஒரு துண்டுத்தாளில் மூன்று வரி எழுதி மனைவியிடம் நீட்டினாராம். அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்துவிட்டு, பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, 'காரணம் மூன்று இருக்கிறது, முடிவைக் காணோம்' என்று அடியில் எழுதித் திருப்பிக் கொடுத்தாளாம்.

"சாகக் கிடக்கற மனுஷனுக்கும் மார்க் போட்டுத்தான் அனுப்புவா" என்பார் கடைக்காரர், கிண்ணத்தில் மிளகாய் எண்ணெயை ஊற்றிக்கொண்டே.

கதையில் பாதி நிஜம். எந்தப் பாதி என்பதற்குப் பிறகு வருவோம்.

ரான் சூஃபென் பதினேழு வயதில் சோங்சிங்கின் ஆற்றங்கரைப் பட்டு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவள். கொதிக்கிற தண்ணீரில் மிதக்கும் பட்டுக்கூடுகளில் ஒவ்வொன்றின் நூல்நுனியையும் தேடிப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. நுனி கிடைத்துவிட்டால் கூடு முழுக்க ஒரே இழையாக வந்துவிடும். கிடைக்காவிட்டால் அது வெறும் பஞ்சு. இருபத்துநாலு வருடம் விரல் வெந்தபின் ஆலையை மூடினார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. மகன் ஒன்பதாம் வகுப்பு.

மகனுக்குப் பாடத்தில் வாதக் கட்டுரை என்று ஒன்று வந்தது. ஒரு பத்தியைக் கொடுத்து, எழுதியவர் நிறுவ வருவது எது, அதற்குக் காட்டும் ஆதாரம் எது, ஆதாரத்திலிருந்து அதற்கு எப்படிப் போய்ச் சேர்கிறார் என்று பிரித்துக் காட்டச் சொல்லும் பாடம். பையன் புத்தகத்தின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். அவன் கன்னத்துக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவி, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாய் படித்துப் பார்த்தாள். இரண்டாம் பத்தியிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இது பட்டுக்கூடு வேலைதானே! எழுதியவன் சுற்றிச் சுற்றிப் பேசியிருக்கிறான். நுனியைப் பிடித்தால் போதும். பின்பக்க விடைகளோடு ஒப்பிட்டால் பதினெட்டுப் பயிற்சிகளிலும் அவளுக்கு முழு மதிப்பெண். மகன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினான், பிறகு ஷென்சென்னுக்கு வேலைக்குப் போனான். புத்தகம் அம்மாவோடு தங்கிவிட்டது.

அதற்கப்புறம் அவள் யார் பேசுவதையும் வெறுமனே கேட்டதில்லை. சந்தையில் இஞ்சி விலை ஏறியதற்குக் கடைக்காரி மூன்று காரணம் சொன்னால், இரண்டு காரணம் பூண்டுக்கானது என்று எடுத்துக் காட்டுவாள். கடைக்காரிகள் அவளுக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தது நியாயத்துக்காக அல்ல, வரிசை நகரட்டும் என்பதற்காக.

இப்படிப்பட்டவளைத் தெருவில் விட்டுவைப்பதைவிட வேலைக்கு வைத்துக்கொள்வது மேல் என்று, தெருவின் நல்லது கெட்டது பார்க்கிற பேட்டைக் குழுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சண்டை தீர்த்துவைக்கிற ஆளாக்கிக் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அட்டையோடு அவளே சேர்த்துக்கொண்டவை மூன்று பென்சில்களும் ஒரு கோடுபோட்ட நோட்டும். பேசுகிறவர் பேசுவதை அப்படியே எழுதிக்கொள்வாள். சொல்ல வந்த விஷயத்துக்கு அடியில் சிவப்புக்கோடு, காரணங்களுக்கு நீலம், காரணத்தை விஷயத்தோடு கட்டுகிற முடிச்சுக்குப் பச்சை. கோடு போடுமுன் மூன்று கேள்வி கேட்பாள். என்ன சொல்ல வர்றீங்க? எதை வெச்சுச் சொல்றீங்க? அதுலேர்ந்து இது எப்படி வந்துச்சு? மூன்றாவது கேள்விக்குள் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். சண்டை தீர்ந்ததாகக் கணக்கு.

அவள் பெயரை நிலைநிறுத்தியது கொத்திறைச்சிச் சுருள் வழக்கு. புத்தாண்டுக்கு முன் எல்லார் வீட்டிலும் மிளகும் மிளகாயும் போட்டு அடைத்த பன்றியிறைச்சிச் சுருள்களை மாடிக் கம்பியில் காயவிடுவது வழக்கம். ஆறாம் மாடிக்காரியின் சுருளிலிருந்து கொழுப்பு சொட்டி ஐந்தாம் மாடிக்காரியின் மெத்தை உறையில் விழுந்துவிட்டது. ஐந்தாம் மாடிக்காரி நாற்பது நிமிடம் பேசினாள். மெத்தை உறையில் தொடங்கி, எதிராளியின் மருமகள் வணக்கம் சொல்லாதது, இருபது வருடத்துக்கு முந்தைய தண்ணீர்க்குழாய்த் தகராறு எல்லாம் வந்தன. ரான் அக்கா நோட்டை இரண்டுமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் நீலக்கோடு போட்டு, சிவப்புக்கோடு போட ஒரு வரிகூட இல்லை என்றாள். பிறகு எதிராளியின் பக்கம் திரும்பி, "போன வருஷம் வரைக்கும் இவங்களுக்கு ரெண்டு சுருள் குடுத்துக்கிட்டிருந்தே. இந்த வருஷம் ஏன் குடுக்கலை?" என்று கேட்டாள். ஐந்தாம் மாடிக்காரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அன்று மாலையே இரண்டு சுருள் கீழே இறங்கின. அவற்றில் ஒன்று ரான் அக்கா வீட்டுக்கு மேலே ஏறியது என்றும் சொல்வார்கள்.

வாயால் சொல்லாமல் விட்ட முடிவைக் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே நம்பியது. ஊரைவிட அதிகமாக அவள் நம்பினாள்.

வீட்டுக்குள் மட்டும் பென்சிலுக்கு இடமில்லை. புகைப்பதை விடாததற்குச் சியாங் ஒருநாள் நீளமாகக் காரணம் சொல்லப்போக, அவள் அதை எழுதி, கோடு போட்டு, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். சியாங் புகைப்பதை விட்டார். விட்ட கையோடு சட்டம் போட்டார்: பென்சில்கள் செருப்போடு வாசலில் நிற்க வேண்டும், உள்ளே வரக்கூடாது. அவரும் பழிவாங்காமல் விடவில்லை. கைபேசியில் அவள் எண்ணை 'மேலிடம்' என்று பதிந்து வைத்துக்கொண்டார். அது வயதானவர்களுக்கான கைபேசி, அழைப்பது யார் என்று பெண்குரலில் ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கும். அவள் சந்தையிலிருந்து கூப்பிட்டால், ஒன்பதாம் மாடி ஜன்னலிலிருந்து 'மேலிடம் அழைக்கிறது, மேலிடம் அழைக்கிறது' என்று தெருவில் இறங்கும். முதல்முறை கேட்டபோது, மேலிடமா, எதை வைத்து என்று அவள் கேட்டாள். பென்சில் வெளியே இருக்கிறது என்றார் சியாங்.

சியாங் ஆற்றின் மேல் கம்பியில் போகும் பெட்டிவண்டியை ஓட்டியவர். இருபத்தாறு வருடம் ஒரு பெட்டிக்குள் நின்றபடி ஆற்றை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகக் கடந்தவர். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளில், இரண்டு சுமைகூலிகள் அவரை மூங்கில் நாற்காலியில் வைத்து மேலே தூக்கிவந்தார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது. கோலூன்றி வீட்டுக்குள் நடந்தார். ஆனால் அன்று மேலே போனவர்தான். பதினாலு மாதமாகக் கீழே இறங்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் தரை என்பது நாலாம் மாடி. மலையில் ஒட்டிக் கட்டியது. கீழே மூன்று மாடி சரிவில் தொங்கும், மேல்தெருவிலிருந்து ஒரு சின்னப் பாலம் நேரே நாலாம் மாடிக்குள் நுழையும். அங்கிருந்து ஒன்பதாம் மாடிக்குப் படிதான். பழைய கட்டடங்களுக்கு லிஃப்ட் வைத்துத்தர அரசாங்கம் உதவுகிறது என்று தெரிந்ததும் ரான் அக்கா முதல் ஆளாக விண்ணப்பத்தை வாங்கிவந்தாள். இதில் தனக்குச் சொந்த அக்கறை இருக்கிறது, தான் நடுவர் இல்லை என்பதையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். அவர் கீழே இறங்க வேண்டும். பாலத்தைத் தாண்டி, தேநீர்க்கடையில் தன் பழைய நாற்காலியில் உட்கார வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

எல்லா வீடும் கையெழுத்துப் போட்டது, ஒன்றைத் தவிர. சட்டம் என்ன சொன்னாலும், ஒரு வீடு முரண்டு பிடித்தால் வேலைக்காரர்கள் கடப்பாரையைத் தொடமாட்டார்கள். நாளைக்கு அவன் வந்து குறுக்கே படுப்பான் என்று பயம். முரண்டு பிடித்தவர் நாலாம் மாடி மோவ் தாவ்ஹுவா. படகோட்டியாக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை, கூண்டில் ஒரு பாடும் பறவை உண்டு. சியாங்குக்கு முப்பது வருட நண்பர். தினமும் மூன்று மணிக்கு இருவரும் கைபேசியில் பேசியபடி சீனச் சதுரங்கம் ஆடுவார்கள். 'பீரங்கிக் காய் ரெண்டுலேர்ந்து அஞ்சுக்கு' என்று இவர் பாலத்தில் நின்று கத்துவார். அவர் மேலேயிருந்து பதில் சொல்வார். ஆளுக்கொரு பலகை, ஆட்டம் ஒன்று. அப்படிப்பட்டவர் நண்பனுக்கு லிஃப்ட் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது?

"என் சமையல்கட்டுக்கு வெளிச்சம் போயிடும், தங்கச்சி" என்றார் முதல்நாள்.

சோங்சிங்கில் வெயில் என்பது எப்போதாவது வருகிற விருந்தாளி. ஆனாலும் ரான் அக்கா விடவில்லை. இரண்டு பெண்களைக் கழியில் படுக்கைவிரிப்பைக் கட்டி லிஃப்ட் வரப்போகிற இடத்தில் நிறுத்திவைத்து, மோவின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க நிழலைக் காத்தாள். நிழல் வரவில்லை, வெயில் வந்தால்தானே. மறுநாள் மோவ் வெளிச்சத்தை விட்டுவிட்டு இரைச்சலைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தெருவில் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு அவரை அழைத்துப்போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னாள். அவர் கேட்டார். யாரோ பல் தேய்க்கிற சத்தம்தான் வந்தது. பிறகு, குழி தோண்டினால் பாலம் ஆடும் என்றார். பொறியாளரின் கடிதம் வந்தது. பிறகு, படி ஏறுவது உடம்புக்கு நல்லது என்றார்.

"நீங்க எந்தப் படி ஏறுறீங்க, மோவ் அண்ணே? பாலத்துலேர்ந்து நாலு எட்டு வெச்சா உங்க கட்டில்."

"நான் மத்தவங்களுக்காகச் சொல்றேன்."

ஒவ்வொரு காரணத்தையும் அடிக்குமுன் அவள் தவறாமல் ஒன்று கேட்பாள்: இது சரியாகிவிட்டால் கையெழுத்துப் போடுவீர்களா? மோவ் தொண்டையைச் செருமுவார். யோசிக்க வேண்டும் என்பார். அவள் நீலக்கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டு அடிப்பாள்.

இரவுச் சாப்பாட்டில் எல்லாம் சியாங்கிடம் வரும். இன்று எந்தக் காரணம் செத்தது, நாளைக்கு எதைக் கொல்லப்போகிறாள், எப்படி. சியாங் நல்ல கேட்பாளர். சோற்றை இடதுகையால் மெல்ல அள்ளிக்கொண்டு, "அடேயப்பா" என்பார். "அவன் என்ன சொன்னான்?" என்பார். நோயில் விழுந்தபிறகு அவர் இவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

ஐந்தாவது காரணம் பறவை. இரும்புப்பெட்டி ஏறி இறங்கினால் அது பயந்து பாட்டை நிறுத்திவிடுமாம். கூண்டை வாங்கிக்கொண்டு போய் அடுத்த தெரு லிஃப்ட் பக்கத்தில் ஒரு மதியம் மாட்டி வைப்பது என்று ரான் அக்கா திட்டம் போட்டாள். அன்றிரவு சியாங்கிடம் சொன்னபோது அவர் சிரித்து, வாயோரம் வழிந்த சாறைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் நாலு மணிக்கு அவள் கூண்டைக் கேட்கப் போய் நின்றாள். அவள் வாயைத் திறக்குமுன்பே அவர் முந்திக்கொண்டார்.

"பறவையை விடு, தங்கச்சி" என்றார் மோவ். "அது எங்க வெச்சாலும் பாடும். பிரச்சினை டெலிவரிக்காரனுங்க. லிஃப்டுக்காக எல்லாவனும் என் வாசல்லதான் நிப்பானுங்க."

அவள் தலையாட்டிவிட்டு மேலே ஏறினாள். ஏழாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள், முழங்கால் வலியால் மட்டும் அல்ல. அவள் அடிக்குமுன்பே காரணம் செத்திருந்தது. கூண்டு யோசனை வெளியே தெரிந்தது ஒரே ஒருவருக்கு.

ஒரு தடவை நடந்தது ஆதாரம் ஆகாது. பயிற்சி ஒன்பதிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அன்றிரவு, நாளைக்கு நாலு மணிக்கு மோவின் வாசலுக்கு ஒரு தடுப்புக்கதவின் வரைபடம் கொண்டுபோகப் போவதாகச் சியாங்கிடம் சாவதானமாகச் சொன்னாள். மறுநாள் இரண்டு மணிக்கே போனாள். மோவ் கிண்ணமும் கையுமாக வந்து, டெலிவரிக்காரர்களைப் பற்றி இன்னும் கோபமாகப் பேசினார். சும்மா இந்தப்பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு மணிக்கு மறுபடி போனாள். கதவு வரைபடம் பையிலேயே இருந்தது.

"டெலிவரிக்காரனுங்க பாவம்" என்றார் மோவ். "பிழைக்க வந்தவனுங்க. ஆனா பாரு, வாசலுக்கு எதிர்ல ஒரு பெட்டி மேலயும் கீழயும் போனா வீட்டு அதிர்ஷ்டத்தையும் சேத்துத் தூக்கிக்கிட்டுப் போயிடும்."

இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் மூன்று மணி இருக்கிறது. மூன்று மணிக்குச் சதுரங்கம்.

அதிர்ஷ்டக் காரணத்தை அடிக்க அவளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் அடித்தாள், பெட்டி இறங்கும்போது அதைத் திருப்பிக் கொண்டுவரும்தானே. அன்றிரவு சாப்பாட்டில் பேசவில்லை. மேலிடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார் சியாங். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. பென்சில்கள் வாசலில் இருந்தன. அது வெறும் சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது.

கடைசிநாள் வியாழக்கிழமை. இந்த வருட லிஃப்ட் பட்டியலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். குழு அலுவலகத்துப் பெண் பெங் யாவ் காலையிலேயே கூப்பிட்டு, இதில் விட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது என்றாள். ஊர் வழக்கையெல்லாம் தீர்த்தவளுக்கு ஒரு கிழவரிடம் ஒரு கையெழுத்து வாங்கத் தெரியவில்லையா என்று சீண்டவும் செய்தாள்.

நாலேகால் மணிக்கு மோவ் பாலத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பறவைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆடி முடித்த சதுரங்கப் பலகை. ரான் அக்கா கைப்பிடிச்சுவரில் சாய்ந்து நோட்டை விரித்தாள்.

"அண்ணே, ஏழு காரணம் சொன்னீங்க. ஏழையும் அடிச்சாச்சு. 'மாட்டேன்'ங்கறது மட்டும் அசையாம நிக்குது. தூணெல்லாம் உருவுனப்பறமும் கூரை நிக்குதுன்னா என்ன அர்த்தம்?"

"கூரை நல்ல கூரைன்னு அர்த்தம்."

"கண்ணுக்குத் தெரியாத தூண் ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். அது ஒன்பதாம் மாடியில உக்காந்து பீரங்கி நகத்துது."

மோவ் பறவையைப் பார்த்துச் சீட்டியடித்தார். அது பதில் சொல்லவில்லை. இன்னொருதரம் அடித்தார். பிறகு தீனிக்கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், உன் பொண்டாட்டிக்கு எட்டாவது காரணத்துக்குள்ள தெரிஞ்சிடும்னு. பத்து வரைக்கும் தாங்கும்னான்."

"காரணமெல்லாம் அவரு குடுத்ததா?"

"பறவை என்னோடது" என்றார் மோவ், கொஞ்சம் பெருமையாக. "மத்ததெல்லாம் அவன்தான். அதிர்ஷ்டம் போயிடும்னு சொல்லச் சொன்னப்ப எனக்கே வெக்கமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் பாதியில்தான் கோபம் வந்தது. இருபத்தாறு வருடம் கம்பியில் தொங்குகிற பெட்டிக்குள் நின்ற மனுஷனுக்கு இந்தப் பெட்டியைக் கண்டால் என்ன பயம் என்று கேட்டாள். மோவ் பலகையில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார்.

"பெட்டிக்குப் பயமில்லைம்மா. லிஃப்ட் இல்லாத வரைக்கும் கீழ இறங்காததுக்குக் குத்தவாளி படி. லிஃப்ட் வந்துட்டா குத்தவாளி நான்னு சொன்னான். தேநீர்க்கடையில பத்துப்பேருக்கு முன்னால கிண்ணத்தைத் தூக்கணும். வாயோரம் ஒழுகும். அவனுங்க பாக்காத மாதிரி இருப்பானுங்க. அதைத்தான் அவனால தாங்க முடியாது."

"வாயெல்லாம் சரியாயிடுச்சே. எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியுது."

பாலத்துக்கு அடியில், சரிவில், யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. மோவ் எழுந்து, அவள் கையிலிருந்த பென்சில்களில் பச்சையை உருவிக்கொண்டார். முப்பது வருடமாக அவள் எல்லாரையும் கேட்கிறாள், அவளை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று சொல்லிக்கொண்டே அவளைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"என்ன சொல்ல வர்றே?"

"லிஃப்ட் வேணும்."

"எதை வெச்சுச் சொல்றே?"

"அவரால கீழ இறங்க முடியலை."

"அதுலேர்ந்து இது எப்படி வந்துச்சு?"

"இறங்கணும்ல..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள்.

"இறங்கணும்னு அவன் சொன்னானா?"

பச்சைக்கோடு போட ஒரு வரி இல்லை. ஐந்தாம் மாடிக்காரியைப் போலவே அவளும் வேறுபக்கம் பார்த்தாள்.

இங்கேதான் நூடுல்ஸ் கடைக்காரர் கதையின் மறுபாதி வருகிறது. அந்தத் துண்டுத்தாள் இன்னும் அவள் நோட்டின் அட்டைக்குள் மடித்து இருக்கிறது. அதில் சியாங்கின் கோணல் எழுத்தில் மூன்று வரி: வெளியே பனிமூட்டம். பக்கத்துக் கட்டில்காரர் விடாமல் இருமுகிறார். கஞ்சி ஆறிவிட்டது. முடிவைக் காணோம் என்று அவள் எழுதவில்லை. அடியில் சிவப்பில் எழுதியது இது: ஆகவே வீட்டுக்குப் போக வேண்டும். அதைப் படித்துத்தான் அவர் நோயில் விழுந்தபின் முதன்முதலாகச் சிரித்தார், வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு. அவர் சொல்லாமலே அவர் முடிவைப் பிடித்துவிட்டோம் என்று பதினாலு மாதமாக அவள் அந்தத் தாளைப் பதக்கம் போல வைத்திருந்தாள். இப்போது பாலத்தில் நின்று அதைப் பிரித்துப் பார்த்தாள். அந்த வரியை அவள் கண்டுபிடித்தாளா, தானாகப் போட்டாளா? அவர் சிரித்தார் என்பது உண்மை. சரி என்று அவர் எழுதியதாகத் தாளில் எங்கும் இல்லை.

மணி நாலு நாற்பது. மோவ் விண்ணப்பத்தை வாங்கி முக்காலிமேல் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நான் அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். உனக்காகப் போடமாட்டேன். அவன் வாயால 'போடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போட்டுடறேன். வேணாம்னு சொன்னா நீ கேட்டுக்கணும்."

"கேட்டுக்கறேன்" என்றாள். சொல்லிமுடிக்க நேரமானது.

ஐந்து மாடி ஏறி, அவரிடம் பேசி, மறுபடி இறங்கி, குழு அலுவலகத்துக்கும் போக அந்த முழங்கால்களுக்கு நேரம் போதாது. அவள் கைபேசியை எடுத்தாள். மோவ் தன்னுடையதை நீட்டினார். இந்த எண் என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான், தோற்ற ஆட்டத்துக்கு மறு ஆட்டம் கேட்டுக் காத்திருக்கிறான் என்றார்.

"வேணாம் அண்ணே. உங்களுக்கு எடுப்பாரு. இது எனக்கு எடுக்க வேண்டியது."

எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். என்ன கேட்பது என்று அப்போதுதான் யோசித்தாள். இத்தனை வருடம் ஊராரிடம் கேட்ட முதல் கேள்விதான், ஆனால் இந்த முறை விடை எதுவும் அவள் கையில் தயாராக இல்லை. சிவப்புப் பென்சிலை முக்காலிமேல் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேலே, ஒன்பதாம் மாடி ஜன்னலில், பெண்குரல் தொடங்கியது.

'மேலிடம் அழைக்கிறது. மேலிடம் அழைக்கிறது.'

ஐந்தாம் மாடிக்காரி தலையை நீட்டி எட்டிப்பார்த்தாள். பாலத்தில் இருவரும் அண்ணாந்து நிற்பதைக் கண்டு, கீழே நின்றுகொண்டு எதற்குக் கூப்பிடுகிறாள் இவள் என்று கேட்க வாயெடுத்தவள், எதனாலோ கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவளும் மேலே பார்த்தாள்.

'மேலிடம் அழைக்கிறது.'

கோல் தரையில் தட்டுகிற சத்தம் ஒருமுறை கேட்டது போலிருந்தது. பறவைக்கூண்டில் ஏதோ அசைந்தது, அதனால்கூட இருக்கலாம். மோவ் பேனாவைத் தாளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்திருந்தார். ரான் அக்கா கைபேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

'மேலிடம் அழைக்கிறது. மேலிடம் அழைக்கிறது.'